பதினாறாம் படி

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஆறு மணிப் பூசை முடிந்ததும் மனைவி ரோசம்மாவின் கல்லறையைக் கழுவி மெழுகுதிரி ஏற்றினேன். கடல்காற்று ஐந்து தடவை அணைத்தது. ஆறாவது தடவை நானும் விட்டுவிட்டேன். அவள் உயிரோடு இருந்தபோதும் எனக்கு இவ்வளவுதான் பொறுமை இருந்தது.

எட்டு மணிக்கு வயர்லெஸ் அறையில் இருந்தேன். எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காருகிறவனுக்கு உதவும் என்று சொல்லி மகள் பிரிஜிட் இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறாள். ஆகவே ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன். பூவன்துறையிலிருந்து நாற்பத்தொரு விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போகின்றன. போனால் ஒரு மாதம், சில சமயம் நாற்பது நாள். கரையிலிருந்து முந்நூறு மைலுக்கு அப்பால் செல்போன் வெறும் டார்ச் லைட்தான். படகிலிருக்கும் வயர்லெஸ் பெட்டி ஒன்றுதான் காதும் வாயும். காலை எட்டு, மாலை ஐந்து, இரண்டு வேளையும் நான் படகுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்வார்கள், நான் காற்று மழை நிலவரம் சொல்வேன். இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவனுக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் இந்த ஊரில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத வேலை.

பெட்டியில் நாலு அலைவரிசை: நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு. மெகாஹெர்ட்ஸ் என்று ஆரம்பித்தால் நம்மவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் ‘படி’ என்று பழக்கினேன். நாலாம் படி அடியில், பதினாறாம் படி உச்சியில். வழக்கமாக எல்லோரும் எட்டாம் படியில் இருப்பார்கள்.

கிளீட்டஸ் மட்டும் விதிவிலக்கு. ‘மிக்கேல்’ படகின் ஸ்ராங்கு, அதாவது படகோட்டித் தலைவன். அவன் பெட்டியில் படி மாற்றும் குமிழ் உடைந்து ஆறு மாதமாக நாலாம் படியிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒருவனுக்காக நான் தினமும் நாலுக்கு இறங்கித் தனியாகக் கூப்பிட வேண்டும். இன்றைக்கும் திட்டினேன். “குமிழு போனா என்னண்ணா, எனக்க நாக்கு இருக்குல்லா” என்றான். வாய்க்கொழுப்பு.

‘சகாயமாதா’ நன்றாகக் கேட்டது. அதன் ஸ்ராங்கு ரெக்ஸன், பிரிஜிட்டின் மாப்பிள்ளை. அவனையும் சேர்த்துப் படகில் பதினொரு பேர். இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, “மாமா, ஆன்ஸிக்குக் காய்ச்சல் கொறஞ்சுதா?” என்று என் பேத்தியைப் பற்றி நாற்பது படகும் கேட்கும்படி கேட்டான். குறைந்தது என்றேன். உண்மையில் குறையவில்லை, ஆனால் முந்நூறு மைல் தள்ளி இருப்பவன் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறான்.


நவம்பர் 5, புதன்

சூரியனில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் நம் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று விண்வெளி வானிலை அறிக்கை சொல்கிறது. இந்த அறிக்கையைப் படிக்கிற மீனவர் சங்கம் இந்தக் கடற்கரையில் வேறு எங்கும் இருக்காது.

அடுத்து வருகிறவனே, கேட்டுக்கொள். நம் குரல் கடல்மேல் நேராக ஓடிப் போவதில்லை. மேலே போகிறது. காற்று மிக மெலிந்த உயரத்தில், சூரிய ஒளி பட்டு மின்சாரம் ஏறிய ஒரு அடுக்கு இருக்கிறது. அதில் பட்டுத் திரும்பி, தூரத்தில் இருக்கும் படகில் இறங்குகிறது. அந்த அடுக்கை உண்டாக்குவதும் சூரியன்தான், கெடுப்பதும் சூரியன்தான். சூரியனில் வெடிப்பு நடந்தால் எட்டே நிமிடத்தில் எக்ஸ் கதிர்கள் வந்து அடுக்கின் அடிப்பாகத்தைத் தடிப்பாக்கிவிடும். தடித்துப்போன அந்த அடிப்பாகம் கீழ்ப்படி அலைகளை விழுங்கிவிடும். மேல்படி அலைகள் துளைத்துப் போய்த் திரும்பி வரும். ஆகவே மேலே ஏற வேண்டும். இதைத்தான் கார்டில் போட்டிருக்கிறேன்: ‘சத்தம் போனால் ஒரு படி மேலே. அப்போதும் இல்லையென்றால் இன்னும் ஒரு படி மேலே.’

பிரிஜிட் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அவள்தான் டைப் செய்து லேமினேட் போட்டுத் தந்தாள். போன ஆகஸ்டில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க, நாற்பத்தொரு படகிலும் பெட்டிக்கு மேலே ஒட்டினோம். கையில் மீன் பிசுக்கோடு, ஆடுகிற படகில் நிற்கிறவனுக்கு ஒரு விஷயத்துக்கு மேல் மண்டையில் ஏறாது. எழுதுகிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.


நவம்பர் 8, சனி

இன்றைக்கு என் நாள்.

காலை பத்து ஐம்பதுக்கு எட்டாம் படி செத்துப்போனது. இரைச்சல்கூட இல்லை. அறிக்கையைப் பார்த்தேன்: எக்ஸ் வகை வெடிப்பு, இந்த வருடத்திலேயே பெரியது. பன்னிரண்டுக்கு ஏறிக் காத்திருந்தேன். மூன்று நிமிடத்தில் ‘சகாயமாதா’ வந்தது.

“மாமா, எட்டுல ஒண்ணும் கேக்கல்ல. கார்டு பாத்து ஏறினேன். இப்ப பக்கத்துல இருந்து பேசுததுபோல இருக்கு. ஓவர்.”

பின்னாலேயே ஒவ்வொன்றாக மற்ற முப்பத்தொன்பது படகும் ஏறி வந்துவிட்டன. சங்கச் செயலாளர் பெலிக்ஸ் ஓடி வந்து பக்கத்தில் நின்று கேட்டார். “தொபியாஸ் சாரே, இது சாதாரண காரியமில்ல. பக்கத்துத் துறைகளுக்கும் கார்டு அடிச்சுக் குடுப்போம்” என்றார். சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், மார்பு விரிந்துதான் போனது.

கிளீட்டஸ் ஒருவன் மட்டும் மதியம் வரை காணாமல் போயிருந்தான். “ரெண்டு மணிக்கூர் பெண்டாட்டி தொல்லை இல்லாம இருந்ததுபோல இருந்துதண்ணா” என்றான். குமிழை மாற்றாவிட்டால் அடுத்த தடவை உன் பெயரையே கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சிரித்தான்.


நவம்பர் 9, ஞாயிறு

மதியம் பிரிஜிட் வீட்டில் கோழிக்கறி. ஆன்ஸிக்குக் காய்ச்சல் விட்டது.

சாப்பிடும்போது பிரிஜிட் கேட்டாள்: “வெடிச்சதுக்கு ரெண்டு நாள் கழிச்சு சூரியனுக்க துகளெல்லாம் வந்து மோதும்னு அறிக்கைல போட்டிருக்காவ. அதுக்கும் இதே கார்டுதானா அப்பா?” ஞாயிற்றுக்கிழமையாவது என்னை விடு என்றேன். உப்பு கொஞ்சம் கூடுதல், ஆனாலும் நல்ல கறி.


நவம்பர் 10, திங்கள்

விடியற்காலையில் துகள் கூட்டம் வந்து மோதிவிட்டது. காந்தப் புயல், கடுமையான வகை.

எட்டு மணிக்கு எட்டாம் படியில் குரல்கள் அலையில் மிதக்கிற கட்டைபோல வருவதும் போவதுமாக இருந்தன. தெற்கே கிடக்கிற படகுகளின் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பாதி போய்விட்டன. வடமேற்கே தூரமாகப் போயிருப்பது இரண்டே படகு, ‘சகாயமாதா’வும் ‘மிக்கேலும்’. இரண்டும் சூரை மீன் பின்னால் போனவை.

ரெக்ஸன் மிகவும் மெதுவாகக் கேட்டான். “மாமா, சத்தம் அலையுது. என்ன செய்யட்டு?”

அரபிக்கடலில் தாழ்வு நிலை ஒன்று இருக்கிறது, எந்தப் பக்கம் போகும் என்று மாலை ஐந்து மணிக்குச் சொல்கிறேன், அதுவரை வலையை அதிகம் விரிக்காதே என்றேன். பிறகு சொன்னேன்: “கார்டுல உள்ளதுதான். சத்தம் போனா ஏறு. பதினாறுல வந்து நில்லு. நானும் அங்கயேதான் இருப்பேன். அசைய மாட்டேன்.”

“செரி மாமா. பதினாறு.” அதோடு போய்விட்டது.

மாலை மூன்றரைக்கு எச்சரிக்கை வந்தது. தாழ்வு நிலை புயலாகிறது, வடமேற்கே நகரும். அதாவது நேராக அவர்கள்மேல். கிழக்கே திரும்பித் தீவுகளுக்குள் ஒதுங்கினால் போதும், முழுதாக ஒரு நாள் நேரம் இருக்கிறது. சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை: கிழக்கே திரும்பு. ஐந்து மணிக்குப் பதினாறாம் படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். ஐந்தரை, ஆறு. ஒரு சத்தமும் இல்லை.


நவம்பர் 11, செவ்வாய்

காலை ஆறிலிருந்து பதினாறில். தொண்டை கட்டிப்போய்விட்டது. பெலிக்ஸ் கடலோரக் காவலுக்கு இரண்டு படகின் கடைசி இடத்தையும் எழுதிக் கொடுத்தார். காற்று அடங்காமல் விமானம் போகாது என்கிறார்கள்.

மற்ற படகுகளும் கேட்கவில்லை. தெற்கே இருப்பதால் புயல் அவற்றைத் தொடாது. ஆனாலும் வாசலில் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சூரியப் புயல், ஒன்றும் பயமில்லை, அடங்கினதும் வந்துவிடுவார்கள் என்று ஒவ்வொருத்திக்கும் சொன்னேன்.

பிரிஜிட் மதியச் சோறு கொண்டுவந்தாள். தூக்குவாளியைத் திறக்காமலே நின்றாள்.

“எந்தப் படில நிக்கச் சொன்னிய?”

“பதினாறு.”

“ஒரு தடவ நாலுக்கு எறங்கிப் பாருங்கப்பா.”

“அவன் பதினாறுல இருப்பான். நான் எறங்குற நேரம் பாத்து அவன் கூப்பிட்டா? அசைய மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“கிளீட்டஸ் அண்ணனுக்கு நாலு மட்டும்தானே இருக்கு. அவியளையாவது கூப்பிடுங்க.”

இந்த நேரத்தில் அவனுக்காக இறங்கினால் ரெக்ஸனை விட்டுவிடுவேன் என்று கத்திவிட்டேன். வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருப்பது ஒரே பெட்டி. ஒரு நேரத்தில் ஒரு படியில்தான் கேட்க முடியும். கம்ப்யூட்டர் படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா. பயத்தில் கேட்கிறாள், பாவம். சோறு அப்படியே இருக்கிறது.


நவம்பர் 12, புதன்

பதினாறில் ஒன்றுமில்லை.

மதியம் ஒரு தொலைபேசி. லட்சத்தீவுப் பக்கம் ஒரு தீவில் கோயா என்ற பழைய ஹாம் ரேடியோக்காரர், வீட்டிலேயே வயர்லெஸ் வைத்துப் பேசுகிறவர். ‘மிக்கேல்’ நேற்றுக் காலை நாலாம் படியில் கூப்பிட்டதாம், அவர் கேட்டுப் புயல் நிலவரம் சொன்னாராம். இன்று விடியற்காலை படகு தீவின் கடற்கழிக்குள் வந்து நங்கூரம் போட்டுவிட்டது. பத்துப் பேரும் பத்திரம்.

வாசலில் கிளீட்டஸின் மனைவி மண்ணில் உட்கார்ந்து அழுதாள், மற்றவர்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நல்ல செய்திதான். கிளீட்டஸுக்கு எப்போதும் இப்படிக் குருட்டு அதிர்ஷ்டம்.

பிரிஜிட் அழவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மாலை நாலரைக்கு நாலாம் படிக்கு இறங்கினேன். கடலே பேசுவதுபோல அத்தனை தெளிவு. கோயாவின் குரல், கொச்சிப் பக்கம் யாரோ, இன்னும் தூரத்தில் ஏதோ ஒரு கப்பல். ‘சகாயமாதா, சகாயமாதா, கரை’ என்று ஐந்து மணி வரை கூப்பிட்டேன். புயல் நேற்று மாலையே அந்த இடத்தைக் கடந்துவிட்டது.


நவம்பர் 13, வியாழன்

காந்தப் புயல் அடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கு எட்டாம் படியில் முப்பத்தொன்பது படகும் பதில் சொன்னன. எல்லோரும் ஒரே கதை: பன்னிரண்டுக்கு ஏறினோம், பதினாறுக்கு ஏறினோம், இரண்டு நாளாக ஒன்றுமே இல்லை. தெற்கே கிடந்ததால் தப்பினார்கள்.

‘சகாயமாதா’ என்று கூப்பிட்டேன். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.


நவம்பர் 14, வெள்ளி

தேடுகிறார்கள்.


நவம்பர் 15, சனி

தேடுகிறார்கள். ஆன்ஸிக்கு மறுபடி காய்ச்சல். கடைக்குப் போய் மருந்தும் ரொட்டியும் வாங்கி வந்தேன். கடைக்காரன் மீதி கொடுத்தபோது கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.


நவம்பர் 17, திங்கள்

கோவிலில் ஜெபமாலை. பதினொரு குடும்பம் முன்வரிசையில். எனக்கும் அங்கே இடம் விட்டிருந்தார்கள். பின்னால் தூண் ஓரமாக நின்றுகொண்டேன், முழங்கால் வலி.

சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: சூரியனும் கடலும் சேர்ந்து சோதித்த நாட்களில் நம் தொபியாஸ் மூன்று நாள் உண்ணாமல் உறங்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏன் இப்படி எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தூக்கம் இல்லாததால் இருக்கும்.


நவம்பர் 20, வியாழன்

படகு கிடைத்துவிட்டது. கவிழ்ந்து மிதந்ததைக் கப்பல்காரர்கள் பார்த்து, வடக்கே ஒரு துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். உள்ளே நான்கு பேர். ரெக்ஸன் அவர்களில் இல்லை.

பெலிக்ஸும் நானும் போனோம். உடல்களை அவர் பார்த்தார். என்னை வயர்லெஸ் பெட்டியை அடையாளம் காட்டச் சொன்னார்கள், பதிவு எண் என்னிடம்தான் இருக்கிறது. பெட்டி முழுக்க உப்பும் பாசியும். எண் சரி. மேலே கார்டு ஒட்டியபடி இருந்தது. லேமினேட் போட்டது நல்ல வேலை, ஒரு எழுத்துகூட அழியவில்லை.

குமிழ் பதினாறில் இருந்தது.

விசாரணைக்கு வந்த இளைஞர் மரியாதையான மனிதர். படிவத்தில் ஒரு கேள்வி: கடைசியாகப் பயன்படுத்திய அலைவரிசை. ‘தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தண்ணீருக்குள் ஒன்பது நாள் கிடந்த குமிழ், அலை அடித்துத் திரும்பியிருக்கலாம். இழுத்து வந்தவர்கள் யாராவது திருப்பியிருக்கலாம். அந்தக் குமிழ் சும்மா திரும்பாது, அழுத்தித் திருப்ப வேண்டும். இருந்தாலும் சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது பெலிக்ஸ், “கடைசி வர கூப்பிட்டுக்கிட்டே இருந்திருப்பான், இல்லியா சாரே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.


நவம்பர் 22, சனி

நேற்று அடக்கம். நான்கு பெட்டி, ஏழு பேருக்கு வெறும் படம்.

இன்று கிளீட்டஸ் வந்தான். நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்தான். அந்த வாய் இல்லை.

“அண்ணா, பத்தாந்தேதி அஞ்சு மணிக்கு ஒங்கள நாலுல கூப்பிட்டேன். வரல்ல. மறுநாள் காலத்த கூப்பிட்டேன். அப்பதான் ஒரு வயசான சத்தம், மலையாளத்துல, ‘மோனே, எங்க கெடக்க?’ன்னு கேட்டுது. கோயா. கிழக்க திரும்புன்னு அவிய சொன்னாவ. ரெக்ஸன நான் நாலுல எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா? ஒம்பதாந்தேதி வர பக்கத்துலதான் கெடந்தான். பின்ன மீன் பாத்து வடக்க போயிட்டான்.”

நோட்டை மூடி வைத்தேன்.

“எனக்க தப்பாக்கும் அண்ணா. குமிழு நல்லா இருந்திருந்தா நானும் கார்டு பாத்து மேல ஏறி அவன்கூட இருந்திருப்பேன். ரெண்டு பேருமா பேசி எப்பிடியாவது கரை சேந்திருப்போம். நீங்க ஆறு மாசமா சொன்னிய, நான் கேக்கல்ல.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நாளைக்கே மாத்திருவேன்.”

சரி, மாற்று என்றேன்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கோடு போட்டு அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.


நவம்பர் 24, திங்கள்

சங்கக் கூட்டம். பக்கத்துத் துறைகளுக்கும் சேர்த்து இருநூறு கார்டு அடிப்பதாகத் தீர்மானம். கீழே பதினொரு பேர் படமும் வரும். பிரிஜிட்டிடம் டைப் செய்யச் சொல்லலாமா, அவள் மனசு தாங்குமா என்று பெலிக்ஸ் என்னைக் கேட்டார். நான் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.


நவம்பர் 25, செவ்வாய்

கேட்டேன்.

பிரிஜிட் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“பழைய பைல் இருக்குப்பா. ரெண்டு இருக்கு. எத அடிக்கணும்?”

எனக்குத் தெரியும், இருந்தும் எந்த இரண்டு என்று கேட்டேன்.

“மொதல்ல நீங்க எழுதித் தந்ததுல ரெண்டு வரி உண்டும். ‘பகலில் திடீரென்று சத்தம் போனால் ஒரு படி மேலே. இரண்டு மூன்று நாள் கழித்து அலைந்து அலைந்து போனால் ஒரு படி கீழே.’ நான் அடிச்சுக் கொண்டுவந்து காட்டினேன். ரெண்டு வரி இருந்தா இவனுவ கொழம்பிருவானுவ, கீழ உள்ளத வெட்டுன்னு சொன்னது நீங்க. நம்ம பக்கமெல்லாம் அந்தக் காந்தப் புயலு வராதுன்னு சொன்னிய.”

“பத்து வருஷத்துல ஒரு தடவதான் இவ்வளவு தெற்க வரும்.”

“வந்துதுல்லா.” கீரையைத் தட்டில் போட்டாள். “நாலுல இருந்தா கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்கும்.”

“நீங்களா சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பதினஞ்சு நாளாச்சு. ஆன்ஸி எந்திரிக்கும் முன்ன போயிருங்கப்பா.”

அடுத்து வருகிறவனே, ஐந்தாம் தேதி உனக்குப் பாதிதான் சொன்னேன். மீதி இது. வெடிப்பில் கிளம்பிய துகள் கூட்டம் இரண்டு நாள் கழித்து வந்து துருவங்களில் மோதும். அங்கே மேல்காற்று சூடேறிப் பொங்கும். அந்த உயரத்தில் வழக்கமாக ஆக்சிஜன் அணுதான் அதிகம், கனமான நைட்ரஜன் கீழே கிடக்கும். பொங்கும்போது நைட்ரஜன் மேலே ஏறி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காந்தப் புயல் பெரிதாக இருந்தால் அந்தக் காற்று நம் தலைக்குமேல் வரை வந்துவிடும். மின்சாரம் ஏறிய ஆக்சிஜன் தனியாக இருக்கும்வரை அந்த மின்சாரத்தோடு வெகுநேரம் இருக்கும். நைட்ரஜன் வந்து சேர்ந்தால் இரண்டும் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, அலைந்துகொண்டிருக்கிற எலெக்ட்ரானைப் பிடித்து மின்சாரத்தை இழந்துவிடும். அடுக்கு மெலியும். மெலிந்த அடுக்கு கீழ்ப்படி அலைகளை மட்டும்தான் திருப்பி அனுப்பும். பதினாறாம் படியில் பேசுகிற குரல் அதைத் துளைத்துக்கொண்டு வானத்துக்குப் போய்விடும், திரும்பவே திரும்பாது. வெடிப்புக்கு ஒரு மணி நேரம் என்றால் இதற்கு நாள் கணக்கு. முதல் நோய்க்குக் கொடுக்கிற மருந்து இரண்டாவது நோய்க்கு விஷம்.

இது எனக்கு இருபத்திரண்டு வயதில் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கும் தெரியும். ரெக்ஸன் ‘சத்தம் அலையுது’ என்று சொன்னபோது என் கை கீழே இறக்கச் சொல்லத்தான் போனது. ஆனால் கார்டில் மேலே என்று இருக்கிறது. இரண்டு நாள் முன்புதான் ஊரே அந்தக் கார்டுக்காக என்னைக் கொண்டாடியது. கீழே என்றால் மற்ற படகுகள் எது சரி என்று கேட்பார்கள், நான் வெட்டிய வரியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அது ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் பதினாறு என்று சொன்னேன். பிறகு இரண்டு நாள், சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கிளீட்டஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவன் கேட்டுவிட்டால் என் கார்டு தப்பு என்று ஆகிவிடும்.

ரெக்ஸன் என்னை நம்பினான். நான் பதினாறில் இருப்பேன் என்று நம்பி அங்கேயே நின்றான். அந்தப் பிள்ளையைக் கொன்றது சூரியன் இல்லை.


நவம்பர் 26, புதன்

பெலிக்ஸிடம் சொன்னேன். விசாரணைக்காரருக்குக் கடிதம் எழுதிப் படிவத்தைத் திருத்திக் கொடுத்தேன். பெலிக்ஸ் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு, “இத வெளிய சொல்லாண்டாம் சாரே. கடல்ல கெடக்கவனுக்கு ஒரு தைரியம் வேணும். புதுக் கார்டுல ரெண்டு வரியும் போட்டு அடிச்சிருவோம். ஒருத்தரும் கேக்க மாட்டாவ” என்றார்.

நல்ல மனிதர். அவர் சொன்னதைக் கேட்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எழுதிவைக்கிறேன்.


நவம்பர் 27, வியாழன்

காலை எட்டு மணி. கடலில் இருபத்தாறு படகு. கிளீட்டஸும் போயிருக்கிறான், புதுக் குமிழ், முதல் தடவையாக எட்டாம் படியில் வந்தான். வரிசையாகப் பெயர் கூப்பிட்டேன், எல்லோரும் இடம் சொன்னார்கள். ஒருவன் மழை வருமா என்று கேட்டான். வராது என்றேன்.

பிறகு சொன்னேன். பெட்டிக்கு மேலே இருக்கிற கார்டைக் கிழித்துவிடுங்கள் என்றேன். அதில் பாதிதான் இருக்கிறது, மீதியை நான் வெட்டினேன் என்றேன். எப்போது மேலே ஏற வேண்டும், எப்போது கீழே இறங்க வேண்டும் என்று நிதானமாக இரண்டு தடவை சொன்னேன். பத்தாம் தேதி காலை எனக்குச் சரியானது தெரிந்திருந்தும் ரெக்ஸனுக்குத் தப்பானதைச் சொன்னேன், ‘சகாயமாதா’வின் பதினொரு பேரும் அதனால்தான் போனார்கள், சகோதரன் கிளீட்டஸிடம் ஒரு தப்பும் இல்லை என்றேன். குரல் இரண்டு இடத்தில் நின்றது. மறுபடி ஆரம்பித்துச் சொல்லி முடித்து, ‘ஓவர்’ என்று கையை எடுத்தேன்.

சூரியன் அமைதியாக இருப்பதாகக் காலை அறிக்கை. எட்டாம் படியில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு நிமிடம் முன்பு இருபத்தாறு பேரும் பக்கத்து அறையில் இருப்பதுபோலப் பேசினார்கள்.

ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.